பேர் எழுதாத ஸ்லைடு

பன்னிரண்டு மணிக்கு வருகிறேன், வந்து ஒரு முடிவு எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டு அந்த டாக்டர் பிள்ளை ஊதா மூடி போட்ட ரத்தக் குழாயைக் கையில் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டது. இப்போது மணி பத்து ஐம்பது. ஆக எழுபது நிமிஷம், எழுபது நிமிஷத்தை இந்தக் கால்நடை ஆஸ்பத்திரிச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு நான் என்னத்தைச் செய்ய. மடியில் பூந்தி கிடக்கிறது, தலை என் தொடையில், வால் வடிவின் முந்தானைமேல். பூந்தி எங்கள் நாய், வடிவு என் வீட்டுக்காரி, இதெல்லாம் இப்போது யார் கேட்டார்கள், வாய் சும்மா இருந்தால் மனசு தானாகப் பேச ஆரம்பித்துவிடுகிறது, நிறுத்து என்றால் நிறுத்தவும் மாட்டேன் என்கிறது. ஒருவர் கன்றுக்குட்டியை இழுத்துக்கொண்டு போகிறார். ஒரு வெள்ளாடு இருமுகிறது, மனுஷன் இருமுவது மாதிரியே இருமுகிறது, எனக்கு அந்த ஆட்டைப் பார்த்து எரிச்சலாக வருகிறது, ஆடு என்ன பாவம் செய்தது. பூந்தியின் மேலுதட்டை விரலால் தூக்கிப் பார்க்கிறேன், ஈறு வெளுத்துக் கிடக்கிறது, பத்து நிமிஷத்துக்கு முன்னால் பார்த்தபோதும் அப்படித்தான் இருந்தது, பார்க்கப் பார்க்கச் சிவந்துவிடுமா என்ன. அதையே நோண்டிக்கொண்டு இருக்காதீர்கள் அத்தான், தூங்கட்டும் என்கிறாள் வடிவு. அது தூங்கவில்லை. கண்ணை மூடியிருந்தால் தூக்கமா. ஹீமோகுளோபின் நாலு பாயிண்ட் மூணில் இருந்தால் யாருக்குத் தூக்கம் வரும், அது மயக்கத்துக்குப் பக்கத்து வீடு. டாக்டர் பிள்ளை நாலு பாயிண்ட் மூணு என்று சொன்னவுடன் வடிவு என் முகத்தைப் பார்த்தாள், அது நல்லதா கெட்டதா என்று என்னைத்தான் பார்ப்பாள், ஊரே என்னைத்தான் பார்க்கும், ஏனென்றால் நான் ரத்தம் பார்க்கிறவன். நான் மரத்தைப் பார்த்தேன்.

இருபத்தேழு வருஷமாகச் சங்கரன்கோவிலில் லேப் வைத்திருக்கிறேன், கீழே லேப், மாடியில் வீடு. நயினார் லேப் என்றால் எந்த ஆட்டோக்காரரும் வழி கேட்காமல் கொண்டுவந்து விடுவார். எங்கள் பக்கத்தில் ரத்தத்தைப் பாயிண்ட்டில்தான் கேட்பார்கள், எத்தனை பாயிண்ட் இருக்கு அண்ணாச்சி, என்னமோ நான் அளந்து ஊற்றிக் கொடுப்பது மாதிரி. நான் நம்பரைச் சொல்லுவேன். அதற்குமேல் ஒரு வார்த்தை பெயராது. நல்லதா அண்ணாச்சி? டாக்டர்கிட்ட கேளுங்க. பயப்படணுமா அண்ணாச்சி? டாக்டர்கிட்ட கேளுங்க. நம்பர் நம்முடையது, அர்த்தம் டாக்டருடையது, என்னிடம் வேலைக்குச் சேருகிற ஒவ்வொருத்தருக்கும் முதல் நாள் இதைத்தான் சொல்லிக்கொடுப்பேன். பேச்சிக்கும் இதைத்தான் சொன்னேன், பேச்சியம்மாள், எட்டு வருஷமாக என்னிடம் டெக்னீஷியன், மைக்ராஸ்கோப்பில் குனிந்தால் என்னைவிட நல்ல கண். அவளுக்குச் சொன்ன இரண்டாவது சட்டம், பேர் எழுதாத ஸ்லைடு எவ்வளவு அருமையான ஸ்லைடாக இருந்தாலும் குப்பைக்கு. யாருடையது என்று தெரியாத ரத்தம் ரத்தமே இல்லை. இப்படியெல்லாம் பெரிய இவன் மாதிரிப் பேசியவன்தான் இன்றைக்குக் காலையில் இந்த டாக்டர் பிள்ளை நோட்டை விரித்து வைத்துக்கொண்டு எப்போ ஆரம்பிச்சது என்று கேட்டபோது வாயைத் திறக்கவில்லை. ஜெபசீலி என்று கோட்டில் பேர் குத்தியிருந்தது, சின்னப் பெண், முப்பது வயசுகூட இருக்காது. வடிவுதான் பதில் சொன்னாள், நேற்றுத்தான் டாக்டர், திங்கட்கிழமை காலையில்தான் சோர்ந்து படுத்தது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்கூட முழு முட்டை தின்றது, வாலை ஆட்டியது. டாக்டர் பிள்ளை எழுதிக்கொண்டது. ஒரே நாள். அந்த இரண்டு வார்த்தைக்கும் அடியில் பேனா ஒரு கோடு போட்டதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஒரே நாள் இல்லை. சனிக்கிழமை, சனிக்கிழமை மத்தியானம் இரண்டரை. வடிவு ராஜபாளையத்தில் சித்தி மகள் வளைகாப்புக்குப் போயிருந்தாள், அரை நாள் என்பதால் பேச்சி கிளம்பிவிட்டாள், நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மாடிக்கு ஏறினேன். பூந்தி படிக்கு வரவில்லை. தினமும் வரும். நான் மாடிப்படி ஏறினால் மேல்படியில் வழிமறித்து நின்று என் கையை மோந்து பார்க்காமல் விடாது, ஒவ்வொரு விரலாக, கட்டைவிரலில் ஆரம்பித்துச் சுண்டுவிரல் வரைக்கும், ஸ்பிரிட்டும் சோப்பும் போட்டு எத்தனை தரம் கழுவினாலும் ஊர் ரத்தமெல்லாம் அதற்கு அங்கே இருக்கும் போலிருக்கிறது, ஐந்து விரலையும் படித்து முடித்த பிறகுதான் விலகி வழிவிடும். வந்தாச்சு பூந்தியின் லேப் ரிப்போர்ட் என்று வடிவு அடுக்களையிலிருந்து சிரிப்பாள். அன்றைக்கு அது துணி காயப்போடும் இடத்தில் படுத்தபடி என்னைப் பார்த்தது, வாலை ஒரு தடவை தரையில் தட்டியது, அவ்வளவுதான். பிஸ்கட்டை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. எனக்கு என்ன தோன்றியதோ, தூக்கிக்கொண்டு லேப்புக்கு இறங்கினேன். பேச்சி உட்காரும் நாற்காலியில் வைத்து, முன்னங்காலில் ரப்பரைக் கட்டி, ஒரே குத்து, இரண்டு மில்லி. முனகக்கூட இல்லை. சிரிஞ்சில் ஏறும்போதே என் கைக்குத் தெரிந்துவிட்டது. ரத்தம் கொழகொழவென்று வரவில்லை, நீர்த்து வந்தது. இருபத்தேழு வருஷமாக ரத்தம் எடுக்கிற கை, அதற்கு மெஷின் எதற்கு. ஆனாலும் மெஷினில் போட்டேன். மெஷின் வயசு கேட்டது, ஆறு. ஆணா பெண்ணா, பெண். பேர் கேட்டது, வெறுமனே விட்டேன். எட்டு பாயிண்ட் ரெண்டு, தட்டணு, பிளேட்லெட், வெறும் முப்பத்தெட்டாயிரம், பக்கத்தில் கவனி என்று இரண்டு நட்சத்திரக் குறி. மறுபடி போட்டேன், எட்டு பாயிண்ட் ஒண்ணு. நாய்க்குப் பன்னிரண்டுக்குமேல் இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், என்றைக்கோ படித்தது, மறக்கவில்லை. அப்புறம் என்ன செய்தேன் தெரியுமா, மெஷின் மனுஷ ரத்தத்துக்குச் செட் பண்ணினது, நாய் அணு சின்ன அணு, அதை இது சரியாக எண்ணாது என்று சொல்லிக்கொண்டேன். சத்தமாகவே சொன்னேன். யாருமில்லாத லேப்பில் பூந்திக்கு விளக்கம் சொன்னேன்.

அதோடு விட்டேனா, கை சும்மா இருக்கவில்லை, பழக்கம், ஒரு சொட்டை ஸ்லைடில் வைத்து இழுத்து, சாயம் ஊற்றிக் கழுவி, ஸ்டாண்டில் காயவைத்தேன். அழகான ஸ்லைடு, நாக்கு மாதிரி இழுபட்டிருந்தது, ஒரு வாரமாக அப்படி ஒரு ஸ்லைடு இழுத்ததில்லை. மைக்ராஸ்கோப்பின் உறையைக் கழற்றக்கூடச் செய்தேன். பிறகு மறுபடி மாட்டிவிட்டேன். ஏன் என்று இப்போது கேட்டால் போன் வந்தது என்று சொல்லலாம், வந்தது உண்மைதான், வடிவுதான் கூப்பிட்டாள், பூந்தி சாப்பிட்டுச்சா என்று கேட்டாள், ம் என்றேன். ஆனால் போனுக்கு முன்னாலேயே உறையை மாட்டிவிட்டேன். பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் அப்புறம் அது எனக்குத் தெரியும். அந்த ஸ்லைடில் நான் பேர் எழுதவில்லை. நான், பேர் எழுதாத ஸ்லைடைத் தூக்கிப்போடு என்று பத்துப் பேர் முன்னால் பேச்சியைத் திட்டியவன். மெஷின் துப்பின சீட்டைக் கிழித்துக் கூடையில் போட்டேன், கிழித்த துண்டு ஒன்று கையில் ஒட்டிக்கொண்டு வந்தது, அதை உதறினேன். மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஏறும்போது பூந்தி என் விரலை மோந்தது. அன்றைக்கு அந்த விரலில் இருந்தது அதனுடைய ரத்தம்.

மணி பதினொன்று ஐந்து. ஒரு பையன் கூண்டில் கிளி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், கிளிக்கு என்ன வியாதியோ. வடிவு பாட்டில் மூடியில் தண்ணீர் ஊற்றிப் பூந்தியின் வாயருகே கொண்டுபோகிறாள், நாக்கு வருகிறது, தொடுகிறது, போகிறது. நான் ஏன் இப்படி ஆனேன் என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது, எனக்கு எப்போதும் ஒரு கதை இருக்கும். கோமதிநாயகம். தபாலாபீசில் இருந்தான், எனக்கு ஒரே சிநேகிதன் என்றால் அவன்தான், லேப் ஆரம்பித்த நாலாவது வருஷம் காய்ச்சல் என்று வந்தான். ஸ்லைடைப் பார்த்தால் அணு ஒவ்வொன்றும் தாறுமாறாக, பெரிதுபெரிதாக, நான் அப்போது சின்ன வயசு, எல்லாம் தெரியும் என்ற திமிர், சிநேகிதன் ஆச்சே மறைக்கலாமா என்று தோளில் கை போட்டு, எலே, இது ரத்தப் புற்று மாதிரி இருக்குடா, உடனே மதுரைக்குப் போ என்று சொல்லிவிட்டேன். மூன்று நாள் அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. அவன் அம்மா என் லேப் வாசலில் வந்து அழுதாள். மதுரையில் பார்த்தால் ஒரு மண்ணும் இல்லை, வைரஸ் காய்ச்சல், சில காய்ச்சலுக்கு அணு அப்படித்தான் வீங்குமாம், பத்து நாளில் எழுந்து வேலைக்குப் போய்விட்டான். அதற்கப்புறம் என்னிடம் பேசவில்லை, இருபத்து மூன்று வருஷம், எதிரே வந்தால் சைக்கிளைத் திருப்பிக்கொள்வான். பிழைத்தானே என்று சந்தோஷப்படக்கூட எனக்கு வக்கில்லை. அன்றைக்கு முடிவு பண்ணினேன், இனி என் வாயிலிருந்து அர்த்தம் வராது. அதை ஒரு கொள்கை மாதிரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன், ஆட்களும் மெச்சினார்கள், நயினார் அண்ணாச்சி கையும் சுத்தம் வாயும் சுத்தம் என்றார்கள். கொள்கையாவது மண்ணாங்கட்டியாவது, பயம். அன்றைக்குச் சொன்னது தப்பாகப் போனதே என்ற பயம், அது வளர்ந்து வளர்ந்து இன்றைக்கு என் வீட்டு நாயின்மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை முட்டை தின்றதே, அதுதான் என்னைக் கெடுத்தது. வடிவு வளைகாப்பு வளையல் சத்தத்தோடு படியிறங்கி ஓடி வந்து, அத்தான் முழு முட்டை தின்னுட்டா என்று சொன்னபோது என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது, பார்த்தாயா, மெஷின்தான் பொய், நான் சொன்னேன் அல்லவா என்று எனக்கு நானே தட்டிக்கொடுத்தேன். முட்டைக்கும் ரத்தத்துக்கும் என்னடா சம்பந்தம் முட்டாளே. அடுத்த நாள் காலையில் எழுந்து நிற்க முடியாமல் பின்னங்கால் மடங்கியது. எங்கள் ஊர் மாட்டு டாக்டர் குளுக்கோஸ் ஏற்றி, உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம் என்று ஓர் ஊசி போட்டு, கால்நடைக் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று எழுதிக்கொடுத்தார். அவரிடமும் நான் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்ல. கேட்காததைச் சொல்ல நான் யார் என்று அங்கேயும் ஒரு நியாயம் வைத்திருந்தேன். இன்று காலை ஆறு மணிக்கு வேனைப் பிடித்துத் திருநெல்வேலி. இங்கே கேட்டார்கள். கேட்டும் சொல்லவில்லை, இதற்கு என்ன நியாயம் வைத்திருக்கிறாய், எடு பார்க்கலாம்.

டாக்டர் பிள்ளை பொறுமையாகத்தான் விளக்கியது. ஒரே நாளில் இவ்வளவு இறங்கியிருந்தால் உள்ளே எங்கேயாவது ரத்தம் கசியலாம், எலி மருந்து மாதிரி எதையாவது தின்றிருக்கலாம். இல்லையென்றால் அதன் உடம்பே அதன் ரத்தத்தை அழிக்கிறது, அதற்கு ஸ்டீராய்டு கொடுத்தால்தான் நிற்கும். இல்லையென்றால் உண்ணி பரப்பின கிருமி, ஆனால் அதற்கான டெஸ்ட் கிட்டில் போட்டுப் பார்த்தால் ஒன்றும் காட்டவில்லை, ஸ்லைடிலும் கண்ணில் படவில்லை. கிருமியாக இருந்து ஸ்டீராய்டைக் கொடுத்துவிட்டால் கிருமிக்குச் சோறு போட்ட மாதிரி ஆகிவிடும், ஸ்டீராய்டு கொடுக்காமல் இருந்து மற்றதாக இருந்துவிட்டால் நாளைக்குத் தாங்காது. ஏற்றுவதற்கு ரத்தம் கொடுக்க இங்கே ஒரு நாய் இருக்கிறது, அதை ஏற்பாடு பண்ணுகிறேன், அதற்குள் இன்னொரு தடவை ஸ்லைடு பார்க்கிறேன் என்று எழுந்தது. கதவு வரைக்கும் போய்த் திரும்பி நின்று, எனக்காகச் சொன்ன மாதிரி ஒன்று சொன்னது. "இந்தக் கிருமி ஆரம்பத்துல கண்ணுல படும் சார், மருந்து உள்ள போனதும் ஒளிஞ்சுக்கும். ஊசிக்கு முன்னாடி எடுத்த ஸ்லைடு ஒண்ணே ஒண்ணு இருந்திருந்தா நல்லாருந்திருக்கும்." நான் தலையை ஆட்டினேன். ஆமாம் டாக்டர் நல்லாருந்திருக்கும் என்கிற மாதிரி, ஒரு பெரிய மனுஷன் மாதிரி தலையை ஆட்டினேன்.

அந்த எலி மருந்து என்ற வார்த்தை காதில் விழுந்ததிலிருந்து வடிவு வேறொரு ஆளாகிவிட்டாள். எதிர்வீட்டு வேலம்மாள்தான் என்கிறாள். போன மாசம் நாய் குரைக்கிறது என்று வாசலில் நின்று சத்தம் போட்டாள் அல்லவா, அவள்தான் கருவாட்டில் வைத்துப் போட்டிருப்பாள். தம்பிக்குப் போன் போட்டுவிட்டாள், அவன் கோவக்காரன், ஒரு மணி நேரத்தில் அந்த வீட்டுக் கதவைத் தட்டப் போகிறேன் என்று சொன்னது இங்கே எனக்கே கேட்டது. வேலம்மாள் பாவம், சர்க்கரைக்காரி, மாசம் ஒரு தடவை என்னிடம்தான் ரத்தம் பார்ப்பாள், ஊசிக்குப் பயந்து என் கையைப் பிடித்துக்கொள்வாள். எங்கே போயிற்று பார் நான் பேசாமல் இருந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லாததால் டாக்டர் ஒரு பக்கம் போகிறது, மச்சினன் ஒரு பக்கம் போகிறான், பூந்தி ஒரு பக்கம் போகிறது. வடிவு, இங்கே பார். அப்படி ஆரம்பிக்கலாம். ஏட்டி வடிவு, சனிக்கிழமை நான். சனிக்கிழமை நீ ஊருக்குப் போயிருந்தேல்லா. என்ன சொன்னாலும் அடுத்து அவள் கேட்கப்போகிற கேள்வி எனக்குத் தெரியும், அது ஒரே கேள்வி. ஆறு வருஷத்துக்கு முன்னால் தீபாவளிக்கு அவள் லட்டுக்குப் பூந்தி தேய்த்துக்கொண்டிருந்தபோது பின்வாசலில் வந்து நின்ற குட்டி, எண்ணெய்ச் சட்டிப் பக்கம் வராதே வராதே என்று கரண்டியை ஓங்கி ஓங்கி விரட்டி, சாயங்காலம் அதையே மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோயமுத்தூரிலிருந்து மகள் கூப்பிட்டால்கூட முதலில் பூந்தி எங்கே என்றுதான் கேட்கும். எனக்கு மட்டும் என்ன, எனக்கும்தான், நான் வெளியே சொல்லுகிறவன் இல்லை, அவ்வளவுதான். எதைத்தான் நான் வெளியே சொன்னேன்.

பதினொன்று முப்பது. பூந்தி மூச்சு விடுகிற வேகத்தை எண்ணுகிறேன், நாற்பத்திரண்டு, மறுபடி எண்ணினால் நாற்பத்தாறு, மறுபடி எண்ணவில்லை. எண்ணிக்கொண்டே இருப்பேன், அதுதான் எனக்கு வரும். அந்த ஸ்லைடு இப்போது இருக்குமா? திங்கட்கிழமை காலையில் பேச்சி ஸ்டாண்டைக் காலி பண்ணியிருப்பாள், பேர் இல்லாத ஸ்லைடு, சட்டப்படி குப்பைக்குப் போயிருக்கும். அப்படிப் போயிருந்தால் நல்லது என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது, நான் பொய் சொல்லவில்லை. குப்பைக்குப் போயிருந்தால் நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, சொல்லியும் பிரயோஜனம் இல்லை, நேற்றே லாரி அள்ளிக்கொண்டு போயிருக்கும். சீ. பூந்தியின் தலையை மெதுவாகத் தூக்கி வடிவின் பக்கம் வைத்துவிட்டு, தண்ணீர் பிடித்துவருகிறேன் என்று எழுந்தேன். பாட்டிலில் முக்கால்வாசி தண்ணீர் இருந்தது. அவள் கவனிக்கவில்லை.

மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்துக் குழாயடியில் நின்று பேச்சியைக் கூப்பிட்டேன். பூந்தி எப்படி இருக்கு அண்ணாச்சி என்றாள். இருக்கு, என்றேன். ஸ்டாண்டில் ஒரு ஸ்லைடு இருந்ததா, பேர் எழுதாமல், என்று கேட்டேன். குப்பையில் போட்டுவிட்டேன் என்று சொல்லப்போகிறாள், சொல்லிவிடு தாயே என்று ஒரு மனசு, சொல்லாதே சொல்லாதே என்று ஒரு மனசு. "போடல அண்ணாச்சி, எடுத்து வச்சிருக்கேன்" என்றாள். பூந்தியுடையது என்று அவளுக்குத் தெரியுமாம். நாற்காலியில் முடி கிடந்ததாம். மெஷின் நினைவில் பேர் இல்லாமல், பெண், ஆறு வயசு, எட்டு பாயிண்ட் ரெண்டு என்று இருந்ததாம், சனிக்கிழமை ஆறு வயசுப் பிள்ளை யாரும் வரவில்லையே என்று யோசித்திருக்கிறாள். சீட்டைத்தான் கிழித்தேன், மெஷினுக்குள் இருந்தது எனக்கு நினைப்பே இல்லை. பிறகு ஸ்லைடை ஆகப் பெரிதாகக் காட்டும் எண்ணெய் லென்ஸில் வைத்துப் பார்த்திருக்கிறாள். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கே பார்த்துவிட்டாள். அணுவுக்குள் இரண்டு இரண்டாக, சொட்டு சொட்டாக என்னமோ ஒட்டிக்கொண்டிருந்தது அண்ணாச்சி, மலேரியா மாதிரியும் இருந்தது, மலேரியாவும் இல்லை, என்றாள். ஏன் சொல்லவில்லை என்று கத்தினேனா கேட்டேனா தெரியாது, தொட்டியில் தண்ணீர் குடித்த பசு தலையைத் தூக்கிப் பார்த்தது. பேச்சி குரல் இறங்கிவிட்டது. "நீங்க இழுத்த ஸ்லைடு. நீங்க பாத்திருப்பீங்கன்னு நெனச்சேன் அண்ணாச்சி. நாம அர்த்தம் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க."

போட்டோ எடுத்து அனுப்பு என்று மட்டும் சொன்னேன். அவளை என்ன சொல்ல. என்னை அப்படியே பார்த்துப் படித்திருக்கிறாள், நல்ல மாணவி, அர்த்தம் சொல்லுகிற விஷயத்தில் எட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் சொன்னதை மீறாதவள். லென்ஸில் செல்போனை வைத்து எடுத்த படம் இரண்டு நிமிஷத்தில் வந்தது. வட்டமாக வெளிச்சம், அதற்குள் பூந்தியின் அணுக்கள், ஓர் அணுவுக்குள் இரண்டு சின்ன நீலச் சொட்டு, நுனியோடு நுனி சேர்ந்து. அவ்வளவு தெளிவாக இருந்தது. சனிக்கிழமை உறையை மாட்டாமல் குனிந்திருந்தால் அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. தண்ணீர் பிடிக்காமலே பெஞ்சுக்கு நடந்தேன், முப்பதடி இருக்கும், அந்த முப்பதடியில் கோமதிநாயகம் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனான், அவன் அம்மா அழுதாள், இதுவும் தப்பாகப் போனால், இதுவும் வேறு ஏதாவதாக இருந்தால் என்று பழைய பயம் கூடவே வந்தது. வரட்டும். பெஞ்சருகே டாக்டர் பிள்ளை முன்னமே வந்து நின்றது, பன்னிரண்டு ஆகவில்லை, பதினொன்று ஐம்பதுதான். கையில் டிரே, டிரேயில் ஏற்றி வைத்த சிரிஞ்சு. ஸ்லைடில் மறுபடியும் ஒன்றும் தெரியவில்லை, இனிக் காத்திருக்க முடியாது, ஸ்டீராய்டு ஆரம்பித்துவிடுவோம் என்று வடிவிடம் சொல்லிக்கொண்டிருந்தது. வடிவு சரி சரி என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர், சனிக்கிழமை நான் ரத்தம் பார்த்தேன்" என்றேன். "எட்டு பாயிண்ட் ரெண்டு. தட்டணு முப்பத்தெட்டாயிரம். ஸ்லைடு இருக்கு." போனை நீட்டினேன். டாக்டர் பிள்ளை டிரேயைப் பெஞ்சில் வைத்துவிட்டு என் மணிக்கட்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு படத்தை இரண்டு விரலால் விரித்துப் பார்த்தது. வெகுநேரம் பார்த்தது. டிரேயில் இருந்த சிரிஞ்சுக்கு மூடியை மாட்டியது. உண்ணிக் கிருமிதான் போல இருக்கிறது, போட்டோவை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது, அந்த ஸ்லைடை அடுத்த பஸ்ஸில் கொடுத்து அனுப்பச் சொல்லுங்கள், ஆனால் ஸ்டீராய்டு இப்போது வேண்டாம், கிருமிக்கு ஊசி போட்டு ரத்தம் ஏற்றுகிறேன், நாளைக்குக் காலையில் எத்தனை என்று பார்ப்போம் என்றது. பிழைக்குமா என்று வடிவு கேட்டாள். நாலுக்கு வந்த பிறகு ஆரம்பிக்கிறோம் அம்மா, எட்டிலேயே வந்திருந்தால், என்று ஆரம்பித்த டாக்டர் பிள்ளை என்னைப் பார்த்துவிட்டு முடிக்காமல் உள்ளே ஓடியது. நல்ல பிள்ளை. முடித்திருக்கலாம்.

வடிவு என்னைப் பார்க்கவில்லை. பூந்தியின் காதைத் தடவிக்கொண்டே இருந்தாள், காதின் நுனியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து மேலும் கீழுமாக. நான் உட்காரலாமா என்று தெரியாமல் நின்றேன், பிறகு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன். "ஞாயித்துக்கிழமை முட்டை தின்னுட்டான்னு ஓடி வந்து சொன்னேன்லா அத்தான்" என்றாள். "அப்பமே உங்களுக்குத் தெரியுமா?" இருபத்தேழு வருஷமாக எல்லாருக்கும் சொன்ன பதில் நாக்கு நுனியில் தயாராக நின்றது, நம்பர் தெரியும் வடிவு, அர்த்தம் டாக்டர்தான் சொல்லணும். எத்தனை வழவழப்பான பதில், எத்தனை பேருக்குக் கொடுத்திருப்பேன். "தெரியும்" என்றேன்.

அவள் போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். எலே, வேலம்மா வீட்டுக்குப் போயிட்டியா, வாசலில் நிற்கிறாயா, நில், கதவைத் தட்டாதே, திரும்பி வா, என்றாள். அந்தப் பக்கம் அவன் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். "வெளியாளு யாரும் எதுவும் வைக்கலடே. எல்லாம் எங்க வீட்டுக்குள்ளதான்" என்று சொல்லி போனை வைத்தாள். குரலில் கோபம்கூட இல்லை, யாருக்கோ விலாசம் சொல்லுகிற மாதிரி சொன்னாள். பிறகு பூந்தியின் உடம்பு முழுவதையும் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள், பெஞ்சில் என் பக்கம் ஒரு நாய் படுக்கிற அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது. அந்த இடத்தில் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தேன். ரத்தம் கொடுக்கப்போகிற நாயை யாரோ சங்கிலியோடு எங்களைத் தாண்டி உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள், கறுப்பு நாய், நன்றாகச் சாப்பிடுகிற நாய். பூந்தி கண்ணைத் திறந்தது. கறுப்பு நாயைப் பார்க்கவில்லை. கழுத்தைக் கொஞ்சம் நீட்டி, பெஞ்சில் ஊன்றியிருந்த என் கையை மோந்தது, கட்டைவிரல், அடுத்த விரல், அதற்கடுத்தது. மூன்றாவது விரலோடு களைத்துப்போய்த் தலையை வடிவின் மடியில் போட்டுவிட்டது. மிச்சம் இரண்டு விரல் இருந்தது. ஸ்ட்ரெச்சர் வரும் வரைக்கும் நான் கையை எடுக்கவில்லை.